இல்லை என்றால், ஏன் இல்லை?

பங்காருபேட்டை ரயில் நிலையம். விடியும் முன்பே இங்கே கூட்டம் கூடிவிடும். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயல் பகுதி மக்கள் பலர் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறார்கள்.

அப்படிப் போய் வந்தவர் ஒரு கட்டிடத் தொழிலாளி. வயது 44. ஓர் இரவு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. விடிவதற்குள் உயிர் பிரிந்தது.

“வங்கியில் 20 ரூபாய் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன்” என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். மனைவி அந்தப் பணத்தைக் கேட்டு மனுக் கொடுத்தார். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. மகள் அதைத் தமிழில் சொன்னாள்:

“உங்கள் கணவர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தார். இது விபத்துக் காப்பீடு. விபத்தால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். மருத்துவச் சான்றில் மாரடைப்பு என்று உள்ளது. ஆகவே பணம் தர இயலாது.”

பக்கத்து வீட்டு அக்கா பெருமூச்சு விட்டார். “இல்லை என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது?”

“ஏன் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்களே அக்கா” என்றார் அந்தத் தாய்.

அவர் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர். கணவரின் பாஸ் புத்தகத்தை எடுத்தார். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். மே மாதத்தில் 20 ரூபாய் பிடித்திருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில் 436 ரூபாய் பிடித்திருந்தார்கள். இது எதற்கு?

மறுநாள் வங்கிக்குப் போய்க் கேட்டார். “இது ஜீவன் ஜோதி பீமா திட்டம் அம்மா. ஆயுள் காப்பீடு. நோயால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு” என்றார் அதிகாரி. புதிய படிவம் தந்தார். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், தன் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் தாய் அதைக் கொடுத்தார். நாமினியாக அவர் பெயரே இருந்தது. பணம் அவர் கணக்கில் சேர்ந்தது.

முதல் கடிதம் பணம் தரவில்லை. ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. அதனால்தான் அடுத்த வழி தெரிந்தது.

நல்ல கடிதத்தில் இருக்க வேண்டியவை

1. எந்தப் பாலிசி, யார் பெயரில், என்ன எண்.
2. அந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது.
3. பணம் இல்லை என்றால், எந்த நிபந்தனையால் இல்லை.
4. முடிவை ஏற்காதவர் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம்.

காரணம் எழுதாவிட்டால்

பணம் மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தருவது காப்பீட்டு நிறுவனத்தின் கடமை. வாய்ச்சொல் போதாது. இப்படி எழுதிக் கேட்கலாம்:

“ஐயா, என் கணவரின் பாலிசி எண் ……. அவர் இறந்த நாள் ……. என் மனு ஏற்கப்படவில்லை என்று அறிந்தேன். எந்த நிபந்தனையின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லை என்றால், இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூரில் உள்ளது. கட்டணம் இல்லை. வக்கீல் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

பயிற்சி

1. முதல் மனு ஏன் ஏற்கப்படவில்லை?
2. தாய் பாஸ் புத்தகத்தில் எதைக் கண்டார்?
3. உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 20 ரூபாய், 436 ரூபாய் பிடித்தம் உள்ளதா? நாமினி யார்? வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.