பேற்றறையில் ஒரு துணை

பின்வரும் கட்டுரையை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுதுக.

ஓர் ஏழைப் பெண் தமது முதல் பிள்ளையைப் பெற்றெடுக்கப் பொது மருத்துவமனைக்கு வருகிறார். உறவினர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றனர். பேற்றறையில் மருத்துவரும் தாதியரும் இருக்கின்றனர். ஆயினும், அவர்கள் ஒரே நேரத்தில் பல தாய்மார்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. ஒருவர் இரத்த அழுத்தத்தைச் சோதித்துவிட்டுச் செல்கிறார். மற்றொருவர் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். வேலை நேரம் முடிந்ததும் அவர்களும் மாறிவிடுகின்றனர். வலி மட்டும் அந்தப் பெண்ணை விட்டு நீங்குவதில்லை. இத்தகைய வேளையில் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருந்தால் என்ன மாற்றம் ஏற்படும்?

இக்கேள்விக்கான விடை குவாத்தமாலா நாட்டின் பொது மருத்துவமனை ஒன்றில் கிடைத்தது. அங்குத் தாய்மார்கள் பேறுவலியைத் தனியாகவே தாங்க வேண்டியிருந்தது. ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் ஆகிய மருத்துவர்கள் இடம்பெற்ற ஆய்வுக் குழு, சில தாய்மார்களுக்கு மட்டும் ஒரு பெண்ணைத் துணையாக அமர்த்தியது. துணைக்கு வந்தவர் மருத்துவம் படித்தவர் அல்லர். தாய்க்கு முன்பே அறிமுகமானவரும் அல்லர். அவர் தாயின் கையைப் பற்றிக்கொண்டார், முதுகை நீவிவிட்டார், ஆறுதலாகப் பேசினார். சிக்கலின்றிப் பிள்ளை பெற்றவர்களுள், தனித்திருந்தோருக்குச் சராசரியாக 19 மணி நேரம் பிடித்தது. துணை பெற்றவர்களுக்கோ ஏறத்தாழ 9 மணி நேரமே ஆனது. இம்முடிவுகள் 1980ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன.

பின்னர், அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வருமானம் குறைந்தோர் நாடும் பொது மருத்துவமனை ஒன்றிலும் ஆய்வு நடந்தது. 1991ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு மேலும் வியப்பளித்தது. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற தாய்மார்களுள் 100 பேரில் 18 பேருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. துணை பெற்றவர்களுள் இந்த எண்ணிக்கை 8 ஆகக் குறைந்தது. மூன்றாவது பிரிவினரின் அறையில் ஒரு பெண் இருந்து, பேசாமல் குறிப்பு மட்டும் எடுத்தார். அப்பிரிவிலும் அது 13 ஆகக் குறைந்தது. ஒருவர் உடன் இருப்பதே ஓரளவு வலிமை தருகிறது என்பதை இது காட்டுகிறது.

இதற்குக் காரணம் என்ன? அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது கருப்பை சுருங்கி விரிவதைத் தாமதப்படுத்தக்கூடும். அச்சம் தணிந்தால் உடல் தன் பணியை எளிதாகச் செய்கிறது.

இவ்வாறு துணை நிற்பவரை ‘டூலா’ என்பர். இது பணிப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டூலா மருத்துவச்சி அல்லர். அவர் தாயைப் பரிசோதிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, தாயின் சார்பில் முடிவெடுப்பதும் இல்லை. மருத்துவர் கூறியது புரியாவிட்டால், மீண்டும் கேட்கும் துணிவைத் தாய்க்கு ஊட்டுகிறார். பேறு முடியும்வரை உடனிருக்கிறார்.

ஆனால், பல நாடுகளில் டூலாவின் சேவையைப் பெறக் கட்டணம் செலுத்த வேண்டும். வசதி படைத்தோர் அதனைச் செலுத்துகின்றனர். வறுமையில் வாடுவோர், கணவரின் ஆதரவற்றோர், அகதிகள், அந்நாட்டு மொழி அறியாதோர் ஆகியோரே பெரும்பாலும் தனித்து விடப்படுகின்றனர். எவருக்குத் துணை மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமற் போகிறது.

இக்குறையைக் களையச் சில முயற்சிகள் நடைபெறுகின்றன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், குடியேறிய தாய்மார்களின் தாய்மொழியிலேயே பேசும் டூலாக்கள் மருத்துவமனையில் துணை நிற்கின்றனர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில், பேற்றின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தாய் விரும்பும் ஒருவர் பேற்றின்போது உடனிருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

மருந்தும் கருவியும் உயிரைக் காக்கின்றன. அவற்றுக்கு ஈடாக எதுவும் இல்லை. எனினும், நடுங்கும் கையைப் பற்றிக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை, பணம் உள்ளவருக்கு மட்டும் கிடைப்பது முறையாகாது. அதுவும் பொது மருத்துவச் சேவையின் ஓர் அங்கமாக வேண்டும்.

கேள்விகள்

1. பேற்றறையில் தாதியர் இருந்தும் தாய் தனிமையை உணரக் காரணம் என்ன?
2. ஹியூஸ்டன் ஆய்வில் மூன்றாவது பிரிவு எதனை உணர்த்துகிறது?
3. டூலா செய்யும் பணிகளையும் செய்யாத பணிகளையும் பட்டியலிடுக.
4. ‘எவருக்குத் துணை மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமற் போகிறது.’ இக்கூற்றைப் பற்றிய உமது கருத்தை விளக்குக.