நீலம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: உடல் நீலம் பாய்ந்த சிசுவை ‘நீலக் குழந்தை’ என்கிறார்களே, இவ்வியாதியின் மூலத்தை முதலில் கண்டவர் யார்?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: காரணம் புலப்படாத வியாதிக்கு அதன் நிறத்தையே பெயராக வைத்துவிடுவது எல்லாத் தேசத்திலும் உள்ள வழக்கம். மஞ்சள் காமாலை நம்மிடையே பெயர் பெற்றதைப் போலவே, உதடும் நாக்கும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்றாற்போல் கறுத்த குழந்தைகளின் பிணியை ஐரோப்பியர் ‘நீல வியாதி’ என்று வெகுகாலம் வழங்கி வந்தார்கள். டென்மார்க் தேசத்து நீல்ஸ் ஸ்டென்சன், பிறவாத சிசு ஒன்றின் இருதயத்தை அறுத்துப் பார்த்து, அதன் விபரீத அமைப்பை 1671-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆனால் அதைப் பொருட்படுத்துவார் இல்லை. 1888-இல் மார்சேய் நகரத்து வைத்தியர் ஆர்தர் ஃபாலோ, சுவாசகோசத்துக்கு ரத்தம் போகும் வாயில் குறுகியிருத்தல், இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் துவாரம், அத்துவாரத்தின்மேல் மகாதமனி நகர்ந்து நின்று இருபுறத்து ரத்தத்தையும் ஏற்றுக்கொள்ளுதல், வலது கீழறையின் சுவர் தடித்துப்போதல் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்து வருவதைக் காட்டினார். நோயாளி உயிரோடிருக்கும்போதே இதனைக் கண்டறியலாம் என்றும் சொன்னார். அந்த நால்வகைக் குறைக்கு ஃபாலோவின் பெயர் நிலைத்தது, பின்னர் 1924-இல், கனடா தேசத்து மாட் அபட் என்னும் வைத்தியப் பெண்மணியின் எழுத்தால்.

கேள்வி: இருதயத்தைத் தொடவே அஞ்சிய காலத்தில் இதற்கு ரண சிகிச்சை தோன்றியது எப்படி?
(ஓர் ஆசிரியர், காரைக்குடி)

பதில்: செவிப்புலன் குன்றிய ஒரு வைத்தியரால் தோன்றியது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் குழந்தைகளின் இருதயப் பிரிவை நடத்திவந்த ஹெலன் டாசிக், ஸ்டெதஸ்கோப்பை நம்பியிருக்க இயலாத நிலையில், குழந்தையின் மார்பில் கையை வைத்து அதிர்வை உணர்ந்தும், எக்ஸ்ரே திரையில் இருதயத்தின் நிழலை நோக்கியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையையே நெடுநேரம் உற்றுப் பார்த்தும் நோயை அறியப் பழகினார். கருவில் இருக்கும்போது மகாதமனியையும் சுவாசகோசத் தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய், பிறந்த சில தினங்களில் தானே மூடிக்கொள்வது இயற்கை. நீலக் குழந்தைகள் சிலர் அக்குழாய் திறந்திருந்தவரை ஒருவாறு தேறியிருந்து, அது மூடிய பிறகே மோசமடைந்ததை அவர் கவனித்தார். மூடிய குழாய்க்கு ஈடாகப் புதிய குழாய் ஒன்றை அமைத்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது.

ரண வைத்தியர் ஆல்ஃபிரட் பிளாலாக் அதை ஏற்றார். ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அந்த இணைப்பை மீண்டும் மீண்டும் செய்து வழி கண்டவரோ, கல்லூரிப் படிப்புக்கு வசதியின்றிப் போன விவியன் தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர். 1944 நவம்பர் 29-ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தையொன்றுக்கு, கைக்குச் செல்லும் தமனியைச் சுவாசகோசத் தமனியோடு பிளாலாக் இணைத்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அக்குழந்தை சில மாதங்களே பிழைத்திருந்தது; ஆனால் மூன்றாவதாகச் சிகிச்சை பெற்ற சிறுவனின் உதடுகள் மேஜையின்மேல் கிடந்தபடியே சிவந்தன. சிகிச்சைக்குப் பிளாலாக், டாசிக் இருவர் பெயரும் சூட்டப்பட்டன. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளிக்கப்பட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நீலமே தென்படாவிட்டால் தாய் எவ்வாறு அறிவது? விரலில் மாட்டும் கருவி எப்போது வந்தது?
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: நூறு சிசுக்களில் ஏறக்குறைய ஒன்று ஏதோவொரு இருதயக் குறையோடு பிறக்கிறது; ஆனால் அத்தகைய சிசுக்கள் எல்லாமே நீலம் பூப்பதில்லை. கீழறைச் சுவரில் துவாரம் மட்டும் இருந்தால், ரத்தம் சுவாசகோசத்தில் மிகுதியாகப் பாயும். அத்தகைய சிசு முலை பற்றிச் சற்று உறிஞ்சும், இளைத்து விட்டுவிடும், நெற்றி வேர்க்கும், மீண்டும் பற்றும்; எடை ஏறாது; மார்ச்சளி அடிக்கடி வரும். குளிரில் கைகால் மட்டும் நீலிப்பது பெரும்பாலும் கவலைக்குரியதன்று; நாக்கும் ஈறும் நீலித்தால் உடனே வைத்தியரை நாட வேண்டும். ஃபாலோ குறையுள்ள குழந்தை ஓடி விளையாடும்போது இடையில் குத்துக்காலிட்டு உட்காரும். மடங்கிய கால்களின் ரத்தக்குழாய்கள் நெருக்குண்பதால், சுவாசகோசத்துக்குக் கூடுதல் ரத்தம் போகிறது என்பதை அது யாரும் சொல்லாமலே கண்டுகொள்கிறது.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 5 கிராம் ஹீமோகுளோபினாவது பிராணவாயுவை இழந்தாலன்றி நீலம் தெரியாது என்று, மற்றொரு டென்மார்க் வைத்தியரான லுண்ட்ஸ்கார்ட் 1919-இல் காட்டினார். ஆகவே ரத்தசோகை உள்ள சிசுவிடம் நீலம் ஒளிந்துகொள்ளும். கரிய மேனியிலும் அது எளிதில் புலப்படாது. கண்ணின் இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்வதே நீங்கள் கேட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர். அதன் தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1974-இல் வெளியிட்டார். பிறந்து ஒரு நாள் ஆன சிசுவின் வலது கையிலும் ஒரு காலிலும் அதை வைத்து, அளவு 95 சதவிகிதத்துக்குக் குறைந்தாலோ, இரண்டுக்கும் 3-க்கு மேல் வேற்றுமை இருந்தாலோ மீண்டும் பரிசோதிக்கிறார்கள்.

ஆயினும் கருவி ஒரு நாழிகை பார்ப்பது. தாய் இரவும் பகலும் பார்ப்பவள். ‘பால் குடிக்கையில் குழந்தைக்கு வேர்க்கிறது, டாக்டர்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். டாசிக் தம் கையால் தேடிய செய்தியும் அதைப்போன்றதுதான்.