சீனனுக்கும் ஆடி ஆகாதாம்!

"சேர், சீனாக்காரனும் ஆடியில கல்யாணம் கட்ட மாட்டானாம், தெரியுமா?"

2025 ஆடி பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. வத்தேகம பஸ் நிலையத்தில் கேட்டார்கள், சலூனில் கேட்டார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் ஒருவர் கேட்டார். எல்லார் கைபேசியிலும் அதே சிவப்பு விளக்குப் படம். அதன் கீழே, ஐயாயிரம் ஆண்டு நாகரிகங்கள் இரண்டும் ஒரே மாதத்தை ஒதுக்கியது தற்செயலா என்று ஒரு வீராப்பு. தற்செயல் என்று சொல்வதற்கும் முதலில் அது நடந்திருக்க வேண்டுமே! நடக்கவில்லை. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா தலையாட்டிப் போக முடியாது.

ஆடி, சூரியன் கடகத்தில் நிற்கிற மாதம். ஜூலை 17ஐ ஒட்டிப் பிறக்கும், ஆகஸ்ட் 16ஐ ஒட்டி முடியும். வருடா வருடம் ஒரு நாள் முன்பின் போகலாம், அவ்வளவுதான். சீனர் அஞ்சுவது அவர்களுடைய ஏழாம் மாதத்தை. அது சந்திர மாதம், அமாவாசையன்று பிறக்கும். பன்னிரண்டு சந்திர மாதத்துக்கு 354 நாள். சூரிய வருடத்தோடு பார்த்தால் 11 நாள் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு மாதத்தை இரட்டிப்பார்கள். அதனால் ஏழாம் மாதம் நின்ற இடத்தில் நிற்காது. 2023இல் ஆகஸ்ட் 16இல் தொடங்கி செப்டெம்பர் 14இல் முடிந்தது. 2024இல் ஆகஸ்ட் 4 முதல் செப்டெம்பர் 2 வரை. 2025இல் ஆறாம் மாதத்தை இரட்டித்ததால் ஆகஸ்ட் 23க்குப் போய்விட்டது, முடிவு செப்டெம்பர் 21. ஆடியோடு ஒட்டிய நாட்களை எண்ணுங்கள்: 2024இல் 13 நாள். 2025இல் ஒன்றுகூட இல்லை. படம் ஊரெல்லாம் பறந்த வருடமே அது பச்சைப் பொய்யாக இருந்த வருடம்.

இதை நான் காகிதத்தில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தெருவில் தேநீர்க்கடை வைத்திருப்பவரின் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை பினாங்குச் சீனப் பிள்ளை. தகப்பன் அந்தப் படத்தை வேதவாக்காக நம்பி, ஆடி கழியட்டும் என்று பொறுத்திருந்து, ஆவணி 13இல் நாள் வைத்தார். அதாவது ஆகஸ்ட் 29. பினாங்கிலிருந்து சம்பந்தியம்மா போனில் அலறிவிட்டார். அந்த மாதத்தில் பாதாளக் கதவு திறந்திருக்கும், பசித்த ஆவிகள் தெருவில் அலையும், அப்போதா கல்யாணம் என்று கேட்டாராம். அவர்கள் ஊரில் அந்த நாட்களில் ஆவிகளுக்காகவே கூத்துப் போட்டு, முன்வரிசை நாற்காலிகளை வெறுமையாக விட்டு வைப்பார்கள். நமக்கு நல்ல ஆவணி, அவர்களுக்குப் பேய் மாதம்!

இனிக் கழித்தல் கணக்கு. ஆடி பிறந்த ஜூலை 17 முதல் புரட்டாசி முடிந்த ஒக்டோபர் 17 வரை 93 நாள். நம்மவர் ஒதுக்கும் ஆடியும் புரட்டாசியும் போக, அவர்கள் ஒதுக்கும் ஏழாம் மாதமும் போக, மிஞ்சியது ஆகஸ்ட் 17 முதல் 22 வரை ஆறே நாள். அந்த ஆறும் தேய்பிறை என்றார் ஐயர். தேய்பிறையாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? அமாவாசையில் பிறக்கிற மாதத்துக்கு முந்திய வாரம் எந்தக் காலத்திலும் தேய்பிறைதான். இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். கடைசியில் ஆகஸ்ட் 20, புதன்கிழமை என்று முடிவானது. வார நாள் என்பதால் மண்டப வாடகை குறைந்தது. தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனது. அதைப் பற்றி எந்தப் பஞ்சாங்கத்திலும் ஒரு வரி இல்லை.

ஒற்றுமை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு உண்மையான ஒற்றுமை ஒன்றைக் காட்டுகிறேன். 2025இல் அவர்களுடைய ஏழாம் மாதத்துத் தேய்பிறையும் நம்முடைய மகாளய பட்சமும் ஒரே நாட்கள். இரண்டும் செப்டெம்பர் 21இல் முடிந்தன. அங்கேயும் செத்துப்போனவர்களுக்குப் படையல், இங்கேயும் அதுதான். ஆடிக்கு அந்தக் கதை ஒட்டாது. அது அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். தேவர்களின் இரவு அதில் தொடங்குகிறது என்கிறது சாத்திரம். வயற்காட்டு ஊர்களில் விதைப்புக்குக் கையும் காசும் தேவைப்பட்ட மாதம் என்கிறார்கள் பெரியவர்கள். தேயிலைச் செடிக்கு ஆடிப்பட்டம் தெரியுமா என்ன?

"ஐயாயிரம் ஆண்டு" என்ற சொல்லுக்கும் ஒரு குட்டு. இன்று சீனர் பயன்படுத்தும் சந்திர நாட்காட்டியின் கணிப்பு முறை 1645இல் சீர்திருத்தப்பட்டது. அதில் பெரும்பங்கு ஆடம் ஷால் என்ற ஜெர்மன் பாதிரியாருடையது. பேய் மாதத்துக்கு எல்லாச் சீனரும் ஒரே மாதிரி அஞ்சுவதும் இல்லை. 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்கு பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தொடங்கினார்களே, அன்று ஏழாம் மாதத்தின் எட்டாம் நாள். எட்டு அவர்களுக்குச் செல்வத்தின் எண். கல்யாணப் பதிவுக்கு அன்று வரிசையில் நின்ற சோடிகள் ஏராளம். ஆவியை எட்டு துரத்திவிட்டது போலிருக்கிறது.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சை நான் செலவழிக்கப் போவதில்லை. நாலாம் தேதி சாவுத் தேதியா? சீனத்தில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. தமிழில் அப்படி இல்லை, விட்டுவிடுங்கள்.

"விதவை ஆண்டு" இன்னொன்று. வசந்தத் தொடக்க நாள் பெப்ரவரி 4ஐ ஒட்டியே வரும். புத்தாண்டோ ஜனவரிக் கடைசிக்கும் பெப்ரவரி 20க்கும் நடுவே ஊசலாடும். வசந்த நாள் அகப்படாத ஆண்டில் கட்டினால் புருஷன் தங்கமாட்டானாம். 19 ஆண்டுக்கு 7 ஆண்டு அப்படித்தான் வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! 2024 அப்படிப்பட்ட ஆண்டு. சீனாவில் பதிவான திருமணங்கள் முந்திய ஆண்டின் ஏறத்தாழ 76 இலட்சத்து 80 ஆயிரத்திலிருந்து 61 இலட்சத்து 6 ஆயிரத்துக்கு விழுந்தன. அந்த நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் கட்டுகிற வயதில் ஆள் குறைந்ததும், வீட்டு விலையும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பதை இன்னும் விஞ்ஞானம் என்கிறார்கள். கண்டியில் குளிர்ந்த மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் சராசரியில் மூன்று பாகை அளவே வித்தியாசம். அதோடு, ஆனியில் கட்டினவர்கள் ஆடியில் என்ன செய்கிறார்களாம்?

மாதத்துக்கு அஞ்சுவதானால் கார்த்திகைக்கு அஞ்சுங்கள். முகூர்த்தம் நிறைந்த மாதம், நக்கிள்ஸ் சரிவில் மழை கொட்டுகிற மாதமும் அதுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து பாதைகள் அறுந்தன. ராகு காலம் பார்த்துத் தாலியை முடிக்கலாம், மண் சரிந்த பாதையில் பஸ் ஓடாது. போயாவையும் பாருங்கள், அன்று இறைச்சிக் கடை பூட்டு. கண்டியில் பெரஹரா நடக்கும் நாட்களில் ஹோட்டல் அறையும் கிடைக்காது, வீதியும் கிடைக்காது.

நாளுக்காக ஆறு மாதம் அடித்துக்கொள்ளும் வீடுகளில் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, முடித்தாயிற்றா என்று கேட்டால், "அது பிறகு பார்ப்போம்" என்பார்கள். எனக்கு இரத்தம் கொதிப்பது இங்கேதான். பாடசாலை அனுமதிக்காகப் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டியவன் நான். பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் "இல்லை" என்றிருக்கும். தாயின் கழுத்தில் தாலி இருக்கும். மேளம் கொட்டி, ஊரைக் கூட்டி நடந்த கல்யாணமாகவும் இருக்கும். புருஷன் போனபின் ஊழியர் சேமலாப நிதிக்காக அலையும் பெண்ணிடம் கந்தோரில் யாரும் முகூர்த்தப் பத்திரிகையைக் கேட்கமாட்டார்கள். வழக்கப்படி நடந்த திருமணத்தையும் நம் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கச் சாட்சி தேடி அலைவது யார்? ஆகவே என் சொல்லைக் கேட்டால், தாலிக்கு ஆவணி வரை பொறுங்கள், எழுத்தை ஆடியிலேயே முடியுங்கள்.

தேநீர்க்கடைக்காரர் கேட்டார். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரன் என்பதால் கடதாசிகள் கொஞ்சம் கூட. ஓர் ஆடி வெள்ளியில் போனோம். பதிவாளரின் மேசை முன்னே எங்களைத் தவிர ஆளில்லை. அரை மணியில் எல்லாம் முடிந்தது. வெளியே வந்தபோது தகப்பனின் போன் கிணுகிணுத்தது. அதே சிவப்பு விளக்குப் படம். அனுப்பியவர், சற்றுமுன் உள்ளே சாட்சிக் கையெழுத்து வைத்த அவருடைய மச்சான்.