கோழியின் நோய் எதிர்ப்பு: ஊகமும் அளவீடும்

2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல் இருந்தன. இவற்றுள் ஏறத்தாழ 32 கோடி புறக்கடைகளில் வளர்ந்தவை. இச்செல்வத்தைக் காப்பதில் தடுப்பு மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் மருந்து கொடுக்கப்பட்டது என்பது வேறு. பறவையின் உடலில் பாதுகாப்பு உண்டாயிற்று என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை அறிய உதவுவது ‘எலிசா’ பரிசோதனைத் தொகுப்பு ஆகும்.

இம்முறையை 1971 இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் எங்வாலும் பெர்ல்மானும் வெளியிட்டனர். 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் நோய்க்கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதில் கோழியின் ஊநீரை இட்டால், அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும். கழுவியபின் நொதி இணைத்த வினைபொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியே எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும். கோழியின் முதன்மையான எதிர்ப்புப் புரதம் இம்யூனோகுளோபுலின் ஒய். பாலூட்டிகளுக்கென அமைந்த வினைபொருள்கள் இதனை அடையாளம் காணா. எனவே கோழிக்கெனத் தனித் தொகுப்புகள் தேவை. இப்புரதத்தின் மொத்த அளவைக் கணிக்கும் தொகுப்புகளும் உண்டு. ஆனால் மொத்தம் மிகுந்திருப்பது குறிப்பிட்ட ஒரு நோய்க்குப் பாதுகாப்பு உண்டு என்பதற்குச் சான்றாகாது.

கம்போரோ நோயை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் முதிரும் ‘ஃபேப்ரீசியஸ்’ பையை இந்நோய்க் கிருமி தாக்குகிறது. தாய்க்கோழி மஞ்சள் கருவின் வழியே அளித்த எதிர்ப்பொருள் குஞ்சைச் சில காலம் காக்கும். அதே எதிர்ப்பொருள் தடுப்பு மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். முந்திக் கொடுத்தால் மருந்து வீண். பிந்திக் கொடுத்தால் நோய் முந்திக்கொள்ளும்.

தாய்வழி எதிர்ப்பொருள் சுமார் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மருந்து பலிப்பதற்குரிய வரம்பைப்போல் 4 மடங்கு அளவு காணப்பட்டதாகக் கொள்வோம். இருமுறை பாதியாக வேண்டும். 4 நாளுக்கு ஒருமுறை பாதியானால், சோதித்த நாளிலிருந்து 8 நாள் கழித்துக் கொடுப்பது பொருத்தமாகும். குஞ்சுக்குக் குஞ்சு அளவு மாறுபடுமாதலால், ஒரு மந்தையிலிருந்து 20 மாதிரிகளேனும் எடுத்தல் நலம்.

இம்முறைக்கு எல்லைகளும் உள. காணப்படும் எதிர்ப்பொருள் மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்பதைச் சாதாரணத் தொகுப்பு பிரித்துக் காட்டாது. தொகுப்பினைக் குளிர்நிலையில் காத்தல் வேண்டும். நிற அடர்த்தியை அளக்கும் கருவியும் தேவை.

செலவின் தன்மையும் கருதத்தக்கது. ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பீட்டு மாதிரிகளுக்குச் சில குழிகள் செலவாகும். மாதிரிகள் 10 ஆயினும் 80 ஆயினும் இச்செலவு மாறாது. பெரும் பண்ணை இதனைத் தாங்கும். 200 கோழி வளர்ப்பவர் தாங்கமாட்டார். கூட்டுறவுச் சங்கங்கள் மாதிரிகளைத் திரட்டிக் குறித்த நாளில் அரசு ஆய்வகத்திற்கு அனுப்பினால், தலைக்குரிய செலவு குறையும். கொடுத்த மருந்தின் எண்ணிக்கையோடு, பலித்த மருந்தின் அளவும் நம் பதிவேடுகளில் இடம்பெற வேண்டும்.