காதல் நாவலின் முதல் வாயில்
(கிறித்தவப் பின்னணியுடைய காதல் நாவல்களின் தொடக்கங்கள் பற்றி ஓர் ஆய்வு)

முன்னுரை

ஒரு நாவலின் பெருமையைப் பேசுவோர் அதன் முடிவைப் பற்றியே மிகுதியும் பேசுவர். கதைத் தலைவி யாரை மணந்தாள், பிரிந்தவர் கூடினரா என்பனவே நம் உரையாடலில் இடம்பெறுகின்றன. ஆனால் காதல் நாவலைப் பொறுத்த வரையில், அதிலும் சமயப் பற்றோடு எழுதப்பட்ட காதல் நாவலைப் பொறுத்த வரையில், முடிவு பெரும்பாலும் நாம் முன்னரே அறிந்ததுதான். துன்பங்கள் தீர்ந்து திருமணம் நிகழும். தெய்வ நம்பிக்கை வெல்லும். முடிவு தெரிந்த கதையை நாம் ஏன் படிக்கிறோம்? விடை தொடக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் மேற்கொண்ட பயிற்சி

இக்கருத்து எனக்குத் தனியே தோன்றியதன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து வரும் மாணவ மாணவியர் சிலர் உணவு இடைவேளையில் நூலகத்தில் கூடுகிறோம். ஒருவர் ஒரு நாவலின் முதல் பத்தியை மட்டும் படிப்பார். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சொல்லமாட்டார். கேட்டவர்கள் மூன்று வினாக்களுக்கு விடை கூறவேண்டும். பேசுவது யார் குரல்? கதை எந்த இடத்தில் கால் ஊன்றுகிறது? அங்கே எது குறைகிறது?

இப்பயிற்சிக்கு எங்கள் அன்றாட வாழ்வும் ஒரு காரணம். ஆவடியில் மின்சார இரயில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அடுத்தது அம்பத்தூர். அதற்குள் படிக்க இயல்வது ஒரு நாவலின் முதல் இரண்டு மூன்று பக்கங்களே. மாலையில் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், “முதல் பக்கம் என்னைப் பிடித்து நிறுத்தாவிட்டால் இரண்டாம் பக்கத்துக்கு எனக்கு நேரமில்லை” என்பார். நம்மில் பலர் நிலையும் இதுவே.

மூத்த தொடக்கம்

கிறித்தவ உலகின் காதற் கதைகளுக்கு முன்மாதிரி எனத்தக்கது விவிலியத்தில் உள்ள ரூத்தின் வரலாறு. அது காதலோடு தொடங்கவில்லை, பஞ்சத்தோடு தொடங்குகிறது. நியாயாதிபதிகளின் காலம், பெத்லகேம் என்னும் ஊர், பிழைப்புத் தேடி மோவாப் நாட்டுக்குப் போகும் ஒரு குடும்பம் என மூன்று செய்திகள் முதலிலேயே வந்துவிடுகின்றன. ஆட்சி, ஊர், குடும்பம் என்ற இந்த வரிசையை நினைவில் கொள்க.

தமிழில் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கக் கிறித்தவர். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றியவர். கதைத் தலைவனே தன் கதையைக் கூறுகிறான். நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தபின் நிகழ்ந்தது என்கிறான். சத்தியபுரி என ஊரைச் சொல்கிறான். தொண்டைமண்டல முதலியார் குலம் என மரபைச் சொல்கிறான். அதன் பிறகே தான் பிறந்ததைக் கூறுகிறான். ரூத்தின் வரலாற்றில் கண்ட அதே வரிசை! ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது என்று நான் வாதிடவில்லை. ஆட்சியும் ஊரும் குடும்பமும் இசைந்தாலன்றி இருவர் கூடுதல் அரிது என்று நம்பும் சமூகங்களில், கதைசொல்லி அவ்வாறு தொடங்குவதே இயல்பு எனலாம்.

பின்வரும் கதையும் இதற்குச் சான்று. பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் இடையே அன்புக்குக் குறைவில்லை. மணமான பின் அவர்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதில் பெரியவர்களுக்குள் எழும் பிணக்கே தடையாகிறது. எழுதியவர் கிறித்தவராயினும் கதைமாந்தர் கிறித்தவரல்லர் என்பதும் கருதத்தக்கது. இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு அ. மாதவையா (1872-1925). அவர் கிறித்தவரல்லர், ஆயினும் பாளையங்கோட்டையில் கிறித்தவம் தழுவிய கிளாரிந்தாவின் வரலாற்றை 1915-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். சமயத்தின் எல்லைகளைக் காதற் கதை இரு பக்கமிருந்தும் கடந்திருக்கிறது.

பெண்ணின் குரல்

எங்கள் குழுவில் ஆவடியிலிருந்து வரும் தோழி ஒருத்தி ஒருநாள் இவ்வாறு கூறினாள்: “முதல் பக்கத்தில் பெண் பேசுகிறாளா என்று பார்ப்பேன். அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை நான் வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.” அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அவள் கேட்ட தொடக்கம் சென்னையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிருபாபாய் சத்தியநாதன் (1862-1894) அகமதுநகரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1878-இல் மருத்துவம் பயிலச் சென்னைக்கு வந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை நிறுத்தியவர். சாமுவேல் சத்தியநாதனை மணந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ 1887-88-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது, 1895-இல் நூலாயிற்று. அதன் தொடக்கத்தில் ஊரோ குலமோ இல்லை. ஒரு எளிய இந்தியப் பெண்ணின் அனுபவங்களையும் எண்ணங்களையும் என் வழியில் உண்மையாகக் காட்ட முயல்வேன் என்று எழுதும் பெண்ணே முன்வந்து கூறுகிறாள். புதிய காலம் அப்பெண்ணை எவ்வாறு மாற்றியது என்பதையும் உடன் சொல்கிறாள். ‘அனுபவம்’ மட்டுமன்று, ‘எண்ணம்’ என்ற சொல்லும் அங்கே இருப்பதைக் காண்க. எண்ணம் உடையவள் என்று ஒப்புக்கொண்ட பின்னரே அவள் விருப்பம் என்ன என்று கேட்க முடியும்.

வீடும் பெயரும்

1964-இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ கன்னியாகுமரிப் பகுதிக் கிறித்தவர் வாழ்வைக் காட்டும் காதல் நாவல். தலைப்பையும் தொடக்கமாகவே கொண்டால், கதை ஒரு வீட்டின் பெயரோடு தொடங்குகிறது. பெயரில் புதுமை, வீடோ பழையது, நலிந்துவரும் பெருமையுடையது. அவ்வீட்டுப் பெண் லிஸி பூப்பெய்தியதும் வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் விரும்பும் தங்கராஜ் பனையேறும் குடும்பத்தவன். இருவரும் கிறித்தவரே, ஆயினும் நிலம் உடையவர், பனை ஏறுபவர் என்ற வேற்றுமை ஆலயத்தின் உள்ளும் மறையவில்லை. சமயம் ஒன்றாயிருத்தல் மட்டுமே தடையை நீக்கிவிடாது என்பதை இந்நாவல் கசப்பின்றி, அமைதியாக உணர்த்துகிறது. பூசலைப் பெரிதாக்காமல், லிஸியின் பொறுமையைக் கொண்டே அதை வெல்கிறது.

மேனாட்டுத் தொடக்கம்

ஒப்பிட்டு நோக்க ஒரு மேனாட்டு நாவலையும் எடுத்துக்கொண்டோம். கனடா நாட்டு எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979-இல் வெளியிட்ட ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’, இன்று அங்கே பெருகியுள்ள கிறித்தவக் காதல் நாவல்களுக்கு வழிகாட்டியாகக் கருதப்படுவது. மேற்கு நோக்கிக் குடியேறச் சென்றவர்களின் கூண்டு வண்டியில், காலை வெயில் படத் தூக்கம் கலைகிறாள் மார்ட்டி. விழித்த பிறகே கணவன் இறந்துவிட்டது நினைவுக்கு வருகிறது. ஊரில்லை, உறவில்லை, தடுப்பவரும் இல்லை. இங்கே குறைவது துணை. நம் நாவல்களிலோ துணைக்கும் உறவுக்கும் குறைவில்லை. குறைவது தன் மனத்தைச் சொல்ல ஓர் இடம். மேனாட்டுத் தலைவி தனிமையிலிருந்து குடும்பத்தை நோக்கி நடக்கிறாள். நம் தலைவி குடும்பத்தின் நடுவே தனக்கென்று ஒரு சொல்லைத் தேடுகிறாள். இரண்டும் காதற் கதைகளே. ஆனால் புறப்படும் இடம் வேறு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். ஒன்று, காதல் நாவலின் தொடக்கம் காதலைச் சொல்வதில்லை. காதல் எதை எதிர்கொள்ளப் போகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டு, தொடக்கத்தில் பேசுபவர் யார் என்பது கதையில் எவருடைய விருப்பம் மதிக்கப்படும் என்பதற்கு அறிகுறி. மூன்று, சமய நம்பிக்கை இந்நாவல்களுக்கு அழகு சேர்க்கும் அணி மட்டுமன்று. மனிதர் அனைவரும் ஒன்று என்று கூறும் நம்பிக்கை, வீட்டு வாசலில் நின்று சோதிக்கப்படும் களமே இக்கதைகள்.

அன்புத் தோழர்களே! காதல் நாவல் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவர்களிடம் நாவல் முழுவதையும் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்டி, இங்கே பேசுவது யார், பேசாமல் நிற்பது யார் என்று கேளுங்கள். அதே வினாவைப் பின்னொரு நாள் வீட்டில் தங்கையின் திருமணப் பேச்சு நடக்கும்போதும் கேட்கத் தோன்றுமானால், நாம் படித்த படிப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.