காவல் நாய்க்குக் கெடு

வீட்டுக்கு நாய் காவல். கணிப்பொறிக்கு எது காவல்? அதற்கும் ஒரு நாய் உண்டு. வாட்ச்டாக் டைமர் என்பது அதன் பெயர். ஆனால் இந்த நாய் திருடனைக் கண்டு குரைப்பதில்லை. வளர்ப்பவன் செயலற்றுக் கிடந்தால் அவனையே கடித்து எழுப்பும்!

அது வேலை செய்யும் முறை மிக எளிது. ஓர் எண்ணி, குறித்த ஓர் எண்ணிலிருந்து சுழியை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். சுழியை அடையுமுன் நிரல் அதைத் தொட்டு, மீண்டும் முதலிலிருந்து எண்ண வைக்க வேண்டும். இதை நாய்க்குச் சோறிடுதல் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் சோறு வராது. எண்ணி சுழியைத் தொடும். கணிப்பொறி அக்கணமே புதிதாகத் தொடங்கும். சோற்றுக்காக நாய் பொறுத்திருக்கும் நேரத்தை டைம்அவுட் என்பர். நமக்குக் கெடு என்னும் நல்ல சொல் இருக்கிறது. கடன் கொடுத்தவன் வைப்பதும் கெடுதான்; காவல் நாய் வைப்பதும் கெடுதான்.

இத்தகைய நாய் வேண்டுமா என்று ஐயுறுவோர் கிளெமன்டைன் விண்கலத்தின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 1994-ஆம் ஆண்டு நிலவைப் படமெடுத்து முடித்த அக்கலம், ஜியோகிராபோஸ் என்னும் சிறுகோளை நோக்கிச் செல்லவிருந்தது. மே 7-ஆம் நாள் அதன் கணிப்பொறி நிலைதடுமாறியது. உந்து பொறிகள் 11 நிமிடம் ஓயாமல் எரிந்தன. எரிபொருள் தீர்ந்தது, கலம் நிமிடத்துக்கு 80 முறை சுழலத் தொடங்கியது, சிறுகோள் பயணம் கைவிடப்பட்டது. கணிப்பொறியில் வாட்ச்டாக் வசதி இருந்தது. நிரல்தான் அதைப் பயன்படுத்தவில்லை. நாய் இருந்தும் அவிழ்த்துவிடுவார் இல்லை!

எனினும், நாயை வளர்த்தால் மட்டும் போதாது. கெடுவைச் சரியாக வைக்கவும் தெரிய வேண்டும். இதை நாங்கள் கற்ற விதத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்கு நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு சிறு கணிப்பொறியைப் பொருத்தினோம். நீர்மட்டம் குறைந்தால் அது மோட்டாரை ஓடவிடும். பத்து வினாடிக்கு ஒருமுறை மட்டத்தை அளந்ததும் நிரல் நாய்க்குச் சோறிடும். கெடு 60 வினாடி வேண்டுமென நிரலில் எழுதினோம். ஒரு மழை இரவில் ஈரம் புகுந்ததால், மட்டம் அளக்கும் உணரி விடை தர இருபது வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அறுபது வினாடிக் கெடுவுக்கு இருபது வினாடி பெரிதா? ஆயினும் அளவு முடியுமுன்னரே கணிப்பொறி புதிதாகத் தொடங்கியது. மீண்டும் அளவு, மீண்டும் தொடக்கம். விடிய விடிய இதே கதை. மோட்டார் ஒருமுறையும் ஓடவில்லை. தேர்வு நாள் காலையில் விடுதி முழுவதற்கும் ஒரு வாளித் தண்ணீர் இல்லை. நாங்கள் வாங்கிய வசவுக்கு அளவில்லை!

பிழை நாயினுடையதன்று, எங்களுடையதே. அதை விளங்கிக்கொள்ள, டிரைவரின் உள்ளே சிறிது நுழைந்து பார்ப்போம்.

லினக்ஸ் கெர்னலில் வாட்ச்டாக் டிரைவர்களுக்கெல்லாம் பொதுவாக வாட்ச்டாக் கோர் என்னும் அடுக்கு ஒன்று இருக்கிறது. டிரைவர் எழுதுவோர் தம் கருவியின் தன்மையை இந்தக் கோருக்குத் தெரிவிக்க வேண்டும். தொடங்குவது எப்படி என்பதற்கு ஒரு சார்பு தரவேண்டும்; சோறிடுவது எப்படி, கெடுவை மாற்றுவது எப்படி என்பவற்றுக்கு வேண்டுமானால் தனிச் சார்புகள் தரலாம். கெடுவைப் பொறுத்தமட்டில் அவர்களுக்குக் கடமைகள் மூன்று.

முதற்கடமை, எல்லையைச் சொல்லுதல். மிகக் குறைந்த கெடு எது, மிகுந்த கெடு எது என்று டிரைவர் அறிவித்துவிட்டால், எல்லை மீறிய கோரிக்கைகளைக் கோரே தடுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது, உண்மையைச் சொல்லுதல். கேட்ட கெடுவை எல்லாக் கருவிகளாலும் அப்படியே தர இயலாது. நிமிடக் கணக்கில் மட்டுமே எண்ணத் தெரிந்த கருவியிடம் 45 வினாடி கேட்டால் அது 60 வினாடிதான் தரும். அப்போது டிரைவர் 45 என்று பதிந்துகொள்ளலாகாது. 60 என்றே பதிய வேண்டும். அந்த எண்ணே கேட்ட நிரலுக்கும் திரும்பிச் செல்லும்.

மூன்றாவது, தொடக்கக் கெடுவை முறைப்படி கொள்ளுதல். மாட்யூலை ஏற்றும்போது பயனர் கெடு கொடுத்திருந்தால் அது. இல்லையேல் டிவைஸ் ட்ரீயில் எழுதியுள்ள கெடு. அதுவும் இல்லையேல் டிரைவரின் இயல்பான கெடு. இந்த வரிசையைப் பின்பற்றும் சார்பு ஒன்று கோரில் ஆயத்தமாகவே உள்ளது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ராஸ்பெரி பை கணிப்பொறியின் வாட்ச்டாக் ரெஜிஸ்டரில் கெடுவுக்கென உள்ளவை 20 பிட்டுகள். டிரைவர் ஒரு வினாடியை 65,536 துடிப்புகளாகக் கணக்கிடுகிறது. 20 பிட்டில் அடங்கும் பேரெண் 1,048,575. வகுத்துப் பாருங்கள்: 16 வினாடிக்குச் சற்றே குறைவு. முழு வினாடியில் சொன்னால் 15. ஆகவே 15 வினாடிக்கு மேற்பட்ட கெடு நெடுநாள் மறுக்கப்பட்டே வந்தது.

அப்படியானால் 60 வினாடி வேண்டுவோர் என்செய்வது? 2016-ஆம் ஆண்டு கோரில் ஒரு வழி பிறந்தது. கருவியின் எல்லை வேறு, பயனரின் கெடு வேறு என இரண்டையும் பிரித்தார்கள். பயனர் 60 வினாடி கேட்டால், இடையிடையே கெர்னலே நாய்க்குச் சோறிடும். ஆனால் பயனரின் நிரல் வாளாவிருந்தால், 45-ஆம் வினாடியோடு கெர்னல் கையை நிறுத்திக்கொள்ளும். மிச்சமுள்ள 15 வினாடி கழிந்ததும், சரியாக 60-இல் நாய் கடிக்கும். கெர்னலே செயலற்றுப் போனாலோ அந்த 60 வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவியின் 15 வினாடிக்குள்ளேயே கடி விழும். ராஸ்பெரி பை டிரைவரை இம்முறைக்கு மாற்றும் திருத்தம் 2023-இல் எழுதப்பட்டது. மாற்றம் சில வரிகளே, பயனோ பெரிது.

எங்கள் தொட்டிக் கதை இப்போது விளங்கியிருக்கும். எங்கள் கருவியின் எல்லையும் 15 வினாடிதான்; அதில் இருந்ததோ பழைய கெர்னல். 60 வினாடிக் கோரிக்கையை அது மறுத்தது. மறுத்ததை ஒளிக்காமல் சொல்லவும் செய்தது. அந்த விடையை நாங்கள்தான் படிக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பி உறங்கினோம்.

ஆகவே நண்பர்களே, வாட்ச்டாக் டிரைவரை எழுதினாலும் பயன்படுத்தினாலும் சிலவற்றை மறவாதீர்கள். கெடுவைக் கேட்டபின், கிடைத்த கெடு எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். உங்கள் வேலை மிக மெதுவாக நடக்கும் நாளில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என அளந்து, அதைப்போல் இரு மடங்கேனும் கெடு வையுங்கள். அதற்காகக் கெடுவை மணிக்கணக்கில் நீட்டிவிடாதீர்கள். 11 நிமிடத்தில் ஒரு விண்கலமே வீணாயிற்று. சோறிடுவதற்கென்று தனி இழை ஒன்றை ஓடவிடவும் வேண்டா; வேலை செய்யும் பகுதி மாண்டபின்னும் அது சோறிட்டுக்கொண்டே இருக்கும். வேலையை முடித்த கைதான் சோறிட வேண்டும்.

எங்கள் தொட்டி நிரலில் பின்னர் நாங்கள் சேர்த்தது ஒரே ஒரு வரி: கிடைத்த கெடு கேட்டதைவிடக் குறைவாயின் எச்சரிக்கை எழுது என்பது அது. உணரியையும் ஈரம் படாதவாறு மூடி வைத்தோம். அதன்பின் எந்தக் காலையிலும் தொட்டி வறண்டதில்லை.