விரதமும் உடல் நலமும்



மார்கழி நோன்பைத் தொடங்கும் ஆயர் சிறுமியர், நெய்யையும் பாலையும் விலக்குவதாகவும் வைகறையில் நீராடுவதாகவும் உறுதி பூணுகின்றனர். இது திருப்பாவையின் இரண்டாம் பாசுரம். அதே சிறுமியர் இருபத்தேழாம் பாசுரத்தில், முழங்கை வரை நெய் ஒழுகும் பாற்சோற்றை எல்லோருமாக அமர்ந்து உண்ண விழைகின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவோர் சிலரே. விட்டதை என்றென்றும் விட்டிருக்கும்படி கோதைப் பிராட்டி கூறவில்லை. நோன்புக்குத் தொடக்கம் இருப்பதுபோல் நிறைவும் உண்டு.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளியதும் இதுவே. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிக உறங்குபவனுக்கும் ஓயாது விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறான். நாமோ பெருந்தீனியை மட்டும் குற்றமென்று கொண்டு, பட்டினியை எந்நாளும் புண்ணியமென்று எண்ணுகிறோம். சேதனமும் அசேதனமும் ஆகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது உடையவர் காட்டிய சித்தாந்தம். அங்ஙனமாயின் இவ்வுடலும் அவனுடைய சொத்து. அதனைப் பாழாக்க நமக்கு ஏது உரிமை?

ஏகாதசி உபவாசம் பட்சத்திற்கு ஒரு நாள் வருவது. அன்று வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றோடு பாரணை செய்வது மரபு. அகத்தியில் சுண்ணாம்புச் சத்தும் நெல்லியில் வைட்டமின் 'சி'யும் நிரம்ப உண்டு. ஆனால் அரிசிச் சோற்றை மட்டும் விலக்கிவிட்டு, ரவை உப்புமா, அடை, கேசரி என்று மூன்று வேளையும் முன்னிலும் மிகுதியாக உண்பதை உபவாசம் என்று எவ்வாறு கூறுவது? அது நாவுக்கு நாம் செய்யும் உபசாரம்.

இனி, இவ்வேளையில் அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் சேவைக்காக விடியுமுன்பே வரிசையில் நிற்பவர்களுள் நீரிழிவு உடையோர் பலர். அவர்களில் சிலர், வழக்கமான மாத்திரையையோ இன்சுலின் ஊசியையோ எடுத்துக்கொண்டு, உணவு மட்டும் கொள்ளாமல் வந்துவிடுகின்றனர். நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், இறுதியில் மயக்கம். அருகில் நிற்போர் இதனைப் பக்திப் பரவசம் என்று கைகூப்பிவிடுவதும் உண்டு! நினைவு இருக்கும்போதே மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். விரதத்திற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் இதே அளவு ஆபத்தானது. சில நாட்கள் முன்னரே மருத்துவரிடம் கேட்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

உபவாசம் இருக்கலாகாது என்று மருத்துவர் சொன்னால் மனம் வருந்த வேண்டியதில்லை. விரதத்திற்குப் பங்கம் விளைக்காதவை என்று தர்ம நூல்கள் எட்டினை எண்ணுகின்றன. நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும், ஆசாரியன் வார்த்தையும் அவற்றுள் அடங்கும். பிணியாளரைச் சாஸ்திரம் வருத்தவில்லை; நாமே வருத்திக்கொள்கிறோம்.

பெருமாள் கோயிலுக்கும் மருத்துவத்திற்கும் உள்ள தொடர்பு புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் சந்நிதிக்குச் செல்வோர் அங்குள்ள நெடிய கல்வெட்டைக் காணலாம். 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலசாலை இயங்கியதை அது கூறுகிறது. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கெல்லாம் நிவந்தம் வகுக்கப்பட்டிருந்தது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதிலே உள்ளன. அங்கே வேதம் ஓதிய மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் நீராட்டுக்கு வேண்டிய எண்ணெய் கூட மறக்கப்படவில்லை! வேதம் ஓதுபவனுக்குத் தலை குளிர வேண்டும் என்பதை அறிந்து நிவந்தம் எழுதிய அக்காலத்தாரை நினைக்குந்தோறும் அடியேனுக்கு வியப்பு மேலிடுகிறது.

அன்றாட வாழ்வுக்கும் பெரிய விதிகள் வேண்டுவதில்லை. பசித்த பின் உண்பது, வயிறு முட்டுமுன் எழுவது, காலையில் பிராகாரத்தை வலம் வரும் பழக்கத்தை விடாதிருப்பது, இரவில் காலத்தோடு துயில்வது. சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் கிடைத்தால் நீரிழிவு உடையோர் சிறிதளவு கொண்டு, எஞ்சியதை அருகிலுள்ள குழந்தைக்குக் கொடுக்கலாம். பிரசாதத்திற்கு அளவு குறைந்தால் பெருமை குறையாது. இராப்பத்து உற்சவத்தில் பத்து இரவும் கண்விழிக்க முதியோரால் இயலாது. ஒரு நாள் சேவித்து மறுநாள் இளைப்பாறலாம்.

வரிசைக்கு வரும் சேவார்த்திகள் மடியில் ஒரு சிறு கற்கண்டுப் பொட்டலமும், குடிநீரும், தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டும் வைத்திருக்கப் பிரார்த்திக்கிறேன்.